புதிய ஆலோசகரை வளர்த்தெடுத்தல்: முதன்முறை மேற்பார்வை செய்பவருக்கான வழிகாட்டி

பல ஆண்டுகள் உளவள ஆலோசனை வழங்கிய ஒருவரிடம், இப்போதுதான் படிப்பை முடித்து அமர்வுகளைத் தொடங்கியிருக்கும் ஒருவரை ஒப்படைத்து, "இவரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவது பல நிறுவனங்களில் வழக்கமாக இருக்கிறது. நல்ல ஆலோசகராக இருப்பவர் தாமாகவே நல்ல மேற்பார்வையாளராகவும் இருப்பார் என்ற நம்பிக்கைதான் அதற்குக் காரணம். ஆனால் மேற்பார்வை என்பது தனியாகக் கற்க வேண்டிய வேலை. ஆலோசனை அறையில் உங்களுக்கு எதிரே ஒருவர் மட்டுமே இருக்கிறார்; மேற்பார்வையிலோ எதிரே அமர்ந்திருப்பவருக்கும் பின்னால், நீங்கள் நேரில் பார்த்தே இராத இன்னொருவர் இருக்கிறார். அவருடைய நலனுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

புதியவர் ஏறத்தாழ எப்போதும் ஒரே கேள்வியுடன்தான் வருவார்: "அடுத்த அமர்வில் நான் என்ன செய்ய வேண்டும்?" அனுபவசாலிக்கு விடை உடனே தோன்றிவிடும், சொல்லிவிடுவதும் எளிது. ஆனால் அப்படிச் சொல்லப்பட்ட விடை அந்த ஒருவருக்கு, அந்த ஒரு வாரத்துக்கு மட்டுமே உதவும். அடுத்த வாரம் வேறொருவரைப் பற்றி அதே கேள்வி திரும்பி வரும். அந்த விடைக்கு நீங்கள் எவ்வாறு வந்து சேர்ந்தீர்கள் என்பதைப் புதியவர் தாமே நடந்து பார்க்கும்படி செய்வதுதான் மேற்பார்வையின் மையமான வேலை என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் அந்த ஒரு நோக்கத்தை ஒட்டியே அமைந்துள்ளன.

முதல் படி: தொடங்குமுன் எழுதிக்கொள்ளுங்கள்

முதல் சந்திப்பில், ஆலோசனை நாடி வந்த எவரைப் பற்றியும் பேச வேண்டாம். இருவருக்கும் இடையிலான உடன்படிக்கையை எழுத்தில் வகுத்துக்கொள்வதற்கே அந்த நேரத்தைச் செலவிடுங்கள். எவ்வளவு இடைவெளியில் சந்திப்பீர்கள், எவ்வளவு நேரம், அமர்வுகளின் ஒலிப்பதிவை யார் வைத்திருப்பார், எப்போது அழிப்பார், அவசரநிலையில் உங்களை எப்படித் தொடர்புகொள்வது, நீங்கள் கிடைக்காவிட்டால் வேறு யாரை அழைப்பது ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். கால அளவு அமைப்புக்கு அமைப்பு வேறுபடும். பிரிட்டனின் உளவள ஆலோசகர் சங்கம் பணியில் இருக்கும் தன் அங்கீகாரம் பெற்ற உறுப்பினர்களுக்கு மாதத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரத்தை வரையறுத்திருக்கிறது. அமெரிக்காவின் ஆலோசனைக் கல்வி அங்கீகாரக் குழுவான கேக்ரெப், களப்பயிற்சியில் இருக்கும் மாணவருக்குத் தனியாகவோ இன்னொரு மாணவருடன் சேர்ந்தோ சராசரியாக வாரம் ஒரு மணி நேர மேற்பார்வையை எதிர்பார்க்கிறது. தொடக்க நிலையில் இருப்பவருக்கு வாரம் ஒருமுறை என்பதே பொருத்தமானது. மாதம் ஒருமுறை சந்தித்தால், பேச வேண்டிய அமர்வு அதற்குள் பழையதாகிவிடும். அவருடைய நினைவும் அதைத் திருத்தி எழுதிவிடும்.

உடன்படிக்கையில் பலரும் தவிர்க்க விரும்பும் பகுதி மதிப்பீடு. நீங்கள் அவருக்கு ஆதரவாக இருக்கிறீர்கள். அதே சமயம் அவர் தேர்ச்சி பெற்றாரா என்று எழுதப்போவதும் நீங்கள்தான். இந்த அதிகார வேறுபாட்டை மறைத்துப் பேசினால் அது மறைந்துவிடாது. எந்தத் திறன்களை, எந்த அளவுகோலால், எந்த மாதத்தில் மதிப்பிடுவீர்கள் என்பதை முதல் நாளிலேயே காகிதத்தில் கொடுத்துவிடுங்கள். அந்த அளவுகோலை முன்கூட்டியே பார்த்த புதியவர் குறைவாகவே அஞ்சுகிறார். குறைவாக அஞ்சுபவர் குறைவாகவே மறைக்கிறார்.

ஆலோசனை நாடி வருபவருக்கும் உண்மை தெரிந்திருக்க வேண்டும். தமக்கு ஆலோசனை அளிப்பவர் பயிற்சியில் இருக்கிறார், அவருடைய பணியை இன்னொருவர் மேற்பார்வை செய்கிறார், தாம் பேசுவது மேற்பார்வையில் பகிரப்படும் என்பதைச் சொல்லி, பதிவு செய்வதற்கு எழுத்துமூலம் ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் மறுக்கப்பட்டால் ஆலோசனை மறுக்கப்படாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லையென்றால் அது ஒப்புதல் ஆகாது.

இரண்டாம் படி: அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று அறியுங்கள்

ஆலோசகர்களின் வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பார்க்கும் ஒரு மாதிரியை கால் ஸ்டோல்டென்பெர்க் 1981ஆம் ஆண்டு முன்வைத்தார். பின்னர் 1987இல் அவரும் அர்சுலா டெல்வொர்த்தும் அதை விரிவாக்கினார்கள். ஒருவருடைய ஊக்கம், தன்னிச்சையாகச் செயல்படும் திறன், தன்னையும் பிறரையும் பற்றிய விழிப்பு ஆகிய மூன்றையும் வைத்து அவர் இருக்கும் நிலையை அந்த மாதிரி கணிக்கிறது. முதல் நிலையில் இருப்பவருக்கு ஊக்கம் மிகுதி, பதற்றமும் மிகுதி. அவருடைய கவனம் எதிரே இருப்பவர்மீது இல்லாமல் தம்மீதே இருக்கிறது. "நான் சரியாகச் சொன்னேனா? அடுத்து என்ன கேட்பது?" என்ற எண்ணங்கள் காதை அடைத்துவிடுவதால், எதிரே இருப்பவர் சொல்வதில் பாதி அவருக்குக் கேட்பதே இல்லை. இரண்டாம் நிலையில் கவனம் எதிரே இருப்பவரை நோக்கித் திரும்புகிறது, சில சமயம் அளவுக்கு மீறியும் திரும்புகிறது. நம்பிக்கை ஒரு வாரம் ஏறி மறுவாரம் இறங்கும். மேற்பார்வையாளரிடம் சார்ந்திருக்கவும் அவரை எதிர்க்கவும் மாறி மாறித் தோன்றும். மூன்றாம் நிலையில்தான் தம்மையும் பிறரையும் ஒருசேர நோக்கும் நிதானம் வருகிறது.

இந்த மாதிரியை முத்திரை குத்தும் கருவியாக்கிவிட வேண்டாம். துக்கத்தில் இருப்பவர்களிடம் இரண்டாம் நிலையில் பணிபுரியும் ஒருவர், தம்பதியர் ஆலோசனையில் முதல் நிலைக்கே திரும்பிவிடலாம். உங்களுக்கு இதனால் கிடைக்கும் நடைமுறைப் பயன் ஒன்றுதான்: முதல் நிலையில் இருப்பவருக்குத் தெளிவான கட்டமைப்பும் நேரடியான அறிவுறுத்தலும் தேவை, அவரிடம் எடுத்த எடுப்பிலேயே "நீங்களே யோசியுங்கள்" என்று விட்டுவிட்டால் அவருடைய பதற்றம்தான் கூடும். இரண்டாம் நிலைக்கு வந்தவரிடமோ தொடர்ந்து அறிவுறுத்திக்கொண்டே இருந்தால் அவர் வளராமல் நின்றுவிடுவார்.

மூன்றாம் படி: அமர்வையே கேளுங்கள்

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களின் தொடக்கத்தில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆலோசனை அமர்வுகளைப் பதிவு செய்து மாணவர்களுடன் சேர்ந்து ஆராயத் தொடங்கினார். 1942இல் வெளிவந்த தமது நூலில் ஒருவருடனான ஆலோசனை முழுவதையும் சொல்லுக்குச் சொல் அச்சிட்டார். அதுவரை மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதற்கு ஆலோசகரின் நினைவு ஒன்றே சான்றாக இருந்தது. இன்று பதிவு செய்வது எளிதாகிவிட்ட பிறகும், மேற்பார்வையில் பெரும்பகுதி "இந்த வாரம் என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்ற வாய்மொழி விவரிப்பிலேயே கழிந்துவிடுகிறது. இதை மாற்றுவதுதான் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம்.

வாய்மொழி விவரிப்பை நம்ப முடியாததற்குக் காரணம் புதியவரின் நேர்மைக் குறைவு அன்று. தமக்குக் கேட்காததை அவரால் திருப்பிச் சொல்ல முடியாது. தெரிந்தே விடுபடுவனவும் உண்டு. பயிற்சி ஆலோசகர்களிடம் நடத்தப்பட்டு 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஏறத்தாழ அனைவருமே ஏதாவதொன்றை மேற்பார்வையாளரிடம் சொல்லாமல் விட்டதாகத் தெரிவித்தார்கள். மேற்பார்வையாளர்மீதான மனக்குறை, தம்முடைய தவறுகள், மதிப்பீட்டைப் பற்றிய கவலை ஆகியவை அவ்வாறு சொல்லப்படாதவற்றில் அடங்கும்.

முழு அமர்வையும் கேட்க நேரம் கிடைக்காது, கேட்கவும் தேவையில்லை. பத்து நிமிடப் பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வரும்படி அவரிடமே கேளுங்கள். தொடக்கத்தில் "உங்களுக்கு நன்றாக அமைந்ததாகத் தோன்றும் பகுதி" என்றும், சில வாரங்கள் கழித்து "எங்கே வழி தெரியாமல் நின்றீர்களோ அந்தப் பகுதி" என்றும் கேளுங்கள். அந்தப் பத்து நிமிடத்தையும் அவர் கைப்பட எழுத்து வடிவமாக்கி வந்தால் இன்னும் நல்லது. எழுதும்போதே பலவற்றை அவர் தாமாகக் கண்டுகொள்வார். இருவர் பேசுவதில் தம்முடைய பங்கு பாதிக்கு மேல் இருப்பதும், எதிரே இருப்பவர் மூன்றுமுறை சொன்ன ஒரு சொல்லைத் தாம் ஒருமுறைகூடத் தொடாததும் காகிதத்தில் தெளிவாகத் தெரிந்துவிடும். அவ்வப்போது, அவர் தேர்ந்தெடுக்காத ஒரு பகுதியை நீங்களும் தேர்ந்தெடுத்துக் கேளுங்கள். பதிவுகள் கடவுச்சொல் இட்டுப் பாதுகாக்கப்பட வேண்டும். பெயர்கள் எழுத்து வடிவத்தில் இடம்பெறக் கூடாது. பயன்பாடு முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும்.

நான்காம் படி: ஒரு நேரத்தில் ஒரு திறன்

ஆலோசனைத் திறன்களைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றாகப் பயிற்றுவிக்கும் முறையை ஆலன் ஐவியும் அவருடைய குழுவினரும் 1960களில் உருவாக்கினார்கள். அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. ஒரு திறனை விளக்குங்கள், செய்து காட்டுங்கள், ஐந்து நிமிடம் ஒத்திகை செய்ய வையுங்கள், பதிவைச் சேர்ந்து கேளுங்கள், ஒன்றே ஒன்றைத் திருத்துங்கள், உடனே மறுபடி செய்ய வையுங்கள். கடைசிக் கட்டத்தைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். திருத்தத்தைக் கேட்டுத் தலையசைத்துவிட்டுப் போவதால் எதுவும் பழகிவிடாது. அதே இடத்தில், அதே நாற்காலியில், திருத்திய வடிவத்தில் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்தால்தான் அது நாவில் நிற்கும்.

எந்த வரிசையில் தொடங்குவது? கவனிப்பும் மௌனமும் முதலில். பிறகு சொன்னதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லுதல். அதன் பின் உணர்வைப் பிரதிபலித்தல். 'ஆம்', 'இல்லை' என்று முடிந்துவிடாத திறந்த கேள்விகள், தொகுத்துரைத்தல் ஆகியவை அடுத்து. முரண்பாட்டைச் சுட்டிக்காட்டுதலும் விளக்கம் அளித்தலும் மிகவும் பிற்பாடு வரவேண்டியவை. கேள்வி கேட்பதைச் சற்றுத் தள்ளி வைப்பதற்குக் காரணம் உண்டு. பதற்றத்தில் இருக்கும் புதியவருக்குக் கேள்விதான் மிக எளிதான தப்பிக்கும் வழி. அடுக்கடுக்காகக் கேள்வி கேட்கும் அமர்வு விசாரணையாக மாறிவிடும். ஆகவே ஒத்திகையில் ஐந்து நிமிடத்துக்குக் கேள்வியே கேட்கக் கூடாது என்று விதித்துப் பாருங்கள். முதல் நிமிடம் திணறுவார்; மூன்றாம் நிமிடத்தில் உண்மையாகவே செவிகொடுக்கத் தொடங்கிவிடுவார்.

உணர்வைப் பிரதிபலித்தலில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். "வருத்தமாக இருக்கிறது, இல்லையா?" என்ற ஒரே வாக்கியம் எல்லாவற்றுக்கும் பயன்படுத்தப்படுவதைக் கேட்பீர்கள். அது தவறில்லை, ஆனால் பொத்தாம்பொதுவானது. வருத்தம், ஏமாற்றம், அவமானம், குற்றவுணர்வு, தனிமை, ஆற்றாமை ஆகியவை ஒன்றல்ல. "என் தம்பி கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவே இல்லை" என்று ஒருவர் சொல்வதற்குப் பின்னால் இவற்றில் எதுவும் இருக்கலாம். குரலை, இடைநிறுத்தத்தை, முன்பு சொன்னதை வைத்து எது மிகப் பொருத்தம் என்று தேர்ந்தெடுத்துச் சொல்லவும், தவறாக இருந்தால் திருத்த இடம் கொடுத்துச் சொல்லவும் பழக்குங்கள். சரியான சொல்லைத் தேடுவது அப்போதே சிந்தனைப் பயிற்சியாகவும் ஆகிவிடுகிறது.

ஐந்தாம் படி: திருத்துமுன் நோக்கத்தைக் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் இந்தப் படியையே கடைப்பிடிக்கச் சொல்வேன். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நார்மன் கேகன் 1960களில் ஒரு முறையை உருவாக்கினார். பதிவை ஓடவிட்டு, ஆலோசகர் விரும்பும் இடத்தில் நிறுத்தி, அந்த நொடியில் தமக்குள் ஓடியதை அவர் நினைவுகூர்வார். மேற்பார்வையாளர் அப்போது ஆசிரியராக நடந்துகொள்ள மாட்டார். விசாரித்து அறிபவராக மட்டும் இருப்பார். மனிதர்கள் பேசுவதைவிட மிக அதிகமாகக் கவனிக்கிறார்கள், ஆனால் கவனித்ததில் பெரும்பகுதியைச் சொல்லாமல் விழுங்கிவிடுகிறார்கள் என்ற புரிதலின்மேல் அந்த முறை நிற்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக அமைத்தது. தாயை இழந்து மூன்று மாதமான ஒரு பெண் அமர்வில் பேசுகிறார்.

வந்தவர்: "எல்லாரும் நல்லா இருக்கியான்னு கேக்கறாங்க. நல்லாத்தான் இருக்கேன். அவங்க ரூமை மட்டும் இன்னும் திறக்கலை."

ஆலோசகர்: "சரி. தூக்கம் எப்படி இருக்கு?"

இங்கே பதிவை நிறுத்துகிறீர்கள். அனுபவமுள்ள எவருக்கும் பதில் நாவின் நுனியில் நிற்கும்: "அந்த மூடிய அறையை விட்டுவிட்டீர்களே!" அதைச் சொல்லிவிட்டால் புதியவர் அந்த ஒரு தவறைத் தெரிந்துகொள்வார். அதற்குப் பதிலாக, "இந்த இடத்தில் உங்க மனசுல என்ன ஓடிட்டிருந்தது?" என்று கேளுங்கள், பிறகு காத்திருங்கள்.

முதலில் "படிவத்தில் தூக்கத்தைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தது" என்று வரலாம். "அதுக்கு ஒரு நொடி முன்னாடி?" என்று மீண்டும் கேளுங்கள். "அறையைப் பற்றிச் சொன்னப்போ எனக்குக் கொஞ்சம் பயமாயிருச்சு. அழ ஆரம்பிச்சிட்டாங்கன்னா என்ன செய்யறதுன்னு தெரியலை" என்று அவர் சொன்னால், உண்மையான செய்தி இப்போதுதான் மேசைக்கு வந்திருக்கிறது. அவர் அறையைப் பற்றிய வாக்கியத்தைக் கேட்காமல் இல்லை. கேட்டார், அதன் கனத்தையும் உணர்ந்தார், அந்தக் கனத்திலிருந்து விலகினார். அவருக்குத் தேவைப்படுவது கவனிப்புப் பயிற்சி அன்று, அழுகையின் முன்னே அமர்ந்திருக்கும் துணிவு. நேரடியாகத் திருத்தியிருந்தால் இந்த வேறுபாடு உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. தவறான மருந்தைக் கொடுத்திருப்பீர்கள்.

அடுத்து வர வேண்டிய கேள்விகள் இந்த வரிசையில் அமைவது நல்லது. என்ன கவனித்தீர்கள்? அதற்கு என்ன பொருள் கொண்டீர்கள்? நீங்கள் சொன்னதன் மூலம் எதை எதிர்பார்த்தீர்கள்? அவர் எப்படி எதிர்வினை ஆற்றினார்? இப்போது திரும்பிப் பார்க்கையில் வேறு என்ன சொல்லியிருக்கலாம்? கடைசிக் கேள்விக்கு ஒரு விடையோடு நிறுத்தாமல் மூன்று விடைகளாவது கேளுங்கள். சரியான விடை ஒன்றே உண்டு என்ற எண்ணம் அதனால் தளரும். "ஏன் அப்படிக் கேட்டீர்கள்?" என்ற வடிவத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், மதிப்பிடும் அதிகாரம் உள்ளவர் வாயிலிருந்து வரும் "ஏன்", எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும் குற்றச்சாட்டாகவே கேட்கும்.

எல்லா நேரமும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை. ஜேனின் பெர்னார்ட் 1979இல் வகுத்த மாதிரி இங்கே பயன்படும். குறை செயலில் இருக்கிறதா, அமர்வைப் புரிந்துகொண்ட விதத்தில் இருக்கிறதா, ஆலோசகரின் சொந்த உணர்வில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்கிறார் அவர். அதற்கேற்ப நீங்கள் ஆசிரியராகவோ, ஆலோசகரைப் போலவோ, சகபணியாளரைப் போலக் கலந்து பேசுபவராகவோ நடந்துகொள்ளலாம். அவருக்குத் தெரியாத ஒன்றைக் கேள்வி கேட்டு வரவழைக்க முடியாது. அப்போது நேரடியாகக் கற்றுக்கொடுங்கள். உங்கள் சிந்தனையை உரக்கச் சொல்லிக்காட்டுவதும் கற்பித்தலே: "இதைக் கேட்டதும் முதலில் எனக்கு மனச்சோர்வோ என்று தோன்றியது. ஆனால் வேலைக்குப் போகிறார், குழந்தைகளோடு சிரிக்கிறார் என்று முன்பு சொன்னது நினைவுக்கு வந்ததும் துக்கத்தின் இயல்பான போக்காக இருக்குமோ என்று யோசிக்கிறேன்." முடிவை மட்டும் கேட்பவரைவிட, முடிவு மாறும் விதத்தைக் கேட்பவர் அதிகம் கற்கிறார்.

ஆறாம் படி: ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்களைத் தேட வையுங்கள்

புதியவர்கள் தகவல் நிறையச் சேகரிப்பார்கள். ஆனால் அவற்றுக்கு இடையே தொடர்பு இருக்காது. ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வரச் சொல்லுங்கள். வந்தவர் சொல்லும் சிக்கல் என்ன, அது உருவாவதற்கு ஏதுவாக இருந்த பழைய காரணிகள் எவை, இப்போது அதைத் தூண்டிவிட்டது எது, அது தொடர்ந்து நிலைத்திருக்கக் காரணம் என்ன, அவரைக் காக்கும் வலிமைகள் எவை ஆகிய ஐந்தும் அந்தப் பக்கத்தில் இருந்தால் போதும். நான்காவது கேள்வியில்தான் பெரும்பாலும் வெற்றிடம் இருக்கும். சிக்கல் எப்படித் தொடங்கியது என்பதில் காட்டும் ஆர்வத்தை, அது ஏன் இன்னும் தீரவில்லை என்பதில் புதியவர்கள் காட்டுவதில்லை. ஆனால் ஆலோசனை தொட்டு மாற்றக்கூடிய இடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஐந்தாவதையும் கட்டாயமாக்குங்கள், குறைகளை மட்டும் பட்டியலிட்டுப் பழகிய கண்ணுக்கு மனிதரின் வலிமை தெரியாமலே போய்விடும்.

மனைவியின் வற்புறுத்தலால் வந்திருக்கும் ஒருவர் எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "அவருக்கு மாற விருப்பமில்லை" என்று புதியவர் முடிவுகட்டுகிறார். இதை மறுக்க வேண்டாம். "இது ஒரு விளக்கம். இன்னும் இரண்டு சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஆலோசகரும் மனைவியின் பக்கம்தான் என்று அவர் நம்பலாம். உணர்வைச் சொற்களில் சொல்லிப் பழகாதவராக இருக்கலாம். பேசினால் ரகசியம் வீட்டுக்குப் போய்விடும் என்று அஞ்சலாம். மனச்சோர்வே அவருடைய பேச்சைக் குறைத்திருக்கலாம். ஒவ்வொரு விளக்கத்துக்கும் அடுத்த அமர்வில் எதைப் பார்த்தால் அது வலுப்படும், எதைப் பார்த்தால் கைவிடுவீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். ரகசியம்தான் அச்சம் என்றால், ரகசியக் காப்பின் எல்லைகளைத் தெளிவாகச் சொன்ன பிறகு பேச்சு சற்று நீளக்கூடும். நீளவில்லையென்றால் அந்த விளக்கத்தின் எடை குறைகிறது. முதல் அமர்விலேயே ஒரு முடிவுக்கு வந்துவிட்டு அதற்குச் சாதகமானவற்றை மட்டும் கண்டுகொண்டே போகும் மனப்போக்கு எல்லா மனிதருக்கும் உண்டு. "எதைப் பார்த்தால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன்" என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பது அதற்கு நல்ல தடுப்பு.

ஏழாம் படி: ஆலோசகரின் உணர்வுகளுக்கு இடம் கொடுங்கள், ஆனால் எல்லையோடு

ஒரு குறிப்பிட்டவரின் அமர்வுக்கு முன் மட்டும் ஆலோசகருக்குத் தலைவலி வருகிறது. இன்னொருவருக்கு மட்டும் நேரம் முடிந்த பிறகும் அமர்வு நீள்கிறது. இவற்றைச் சுட்டிக்காட்டுங்கள். அவருடைய தந்தையை யாரோ நினைவூட்டுகிறார்கள் என்று தெரிய வந்தால், "இது அந்த அமர்வில் உங்களை எப்படிப் பாதிக்கிறது?" என்பது வரை நீங்கள் கேட்கலாம். தந்தையுடனான உறவை ஆராய்வது உங்கள் வேலை இல்லை. அதற்கு அவருக்குத் தனியாக ஓர் ஆலோசகர் தேவை. அதைப் பரிந்துரைக்கத் தயங்க வேண்டாம். மதிப்பீடு செய்பவரே உளச்சிகிச்சையும் அளித்தால் இரண்டும் கெட்டுவிடும்.

மேற்பார்வை அறைக்குள் நடப்பதையும் கவனியுங்கள். ஆலோசனை அறையின் உறவுமுறை மேற்பார்வையில் எதிரொலிப்பதை ஹெரால்ட் சீர்ல்ஸ் 1955ஆம் ஆண்டிலேயே விவரித்திருக்கிறார். எதையும் ஏற்காமல் "ஆமாம், ஆனால்…" என்றே பேசுபவருடன் பணிபுரியும் ஆலோசகர், அந்த வாரம் உங்கள் யோசனைகளுக்கெல்லாம் "ஆமாம், ஆனால்…" என்று பதிலளிக்கலாம். உங்களுக்கு எரிச்சல் வந்தால், அந்த எரிச்சல்தான் அவர் அமர்வில் அனுபவிப்பது என்று ஊகிக்க இடமுண்டு. அதை அப்படியே எடுத்துச் சொல்லலாம். எல்லாவற்றையும் இப்படியே விளக்கிவிடவும் வேண்டாம். நீங்கள் அந்த வாரம் களைத்திருந்ததும் காரணமாக இருக்கலாம்.

எட்டாம் படி: பின்னூட்டத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள்

"நன்றாகச் செய்தீர்கள்" என்பதிலிருந்து எவரும் எதையும் கற்க முடியாது. "ஆறாவது நிமிடத்தில் அவர் பேச்சை நிறுத்தியதும் நீங்களும் அமைதியாக இருந்தீர்கள், அதற்குப் பிறகுதான் அவர் மகனைப் பற்றிச் சொன்னார்" என்பதிலிருந்து கற்க முடியும். குறையைச் சொல்லும்போதும் இதே துல்லியம் வேண்டும்: குணத்தைச் சொல்லாமல் செயலைச் சொல்லுங்கள், ஒரு சந்திப்பில் ஓரிரண்டுக்கு மேல் சொல்லாதீர்கள், உடனே ஒத்திகை செய்து பார்க்க நேரம் விடுங்கள். பாராட்டுக்கு நடுவே குறையை மறைத்து வைக்கும் பழக்கம் உதவாது. பதற்றத்தில் இருப்பவர் குறையை மட்டும் எடுத்துக்கொள்வார், தன்னம்பிக்கை மிகுந்தவர் பாராட்டை மட்டும் எடுத்துக்கொள்வார். மாதம் ஒருமுறை உங்களைப் பற்றியும் கேளுங்கள். "மேற்பார்வை எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால் மரியாதையான பதில்தான் வரும், "சென்ற வாரம் நான் சொன்னதில் உங்களுக்குப் பயன்படாதது எது?" என்று கேட்டால் உண்மை வரக்கூடும்.

ஒன்பதாம் படி: உயிருக்கு ஆபத்து என்றால் முறை மாறும்

இதுவரை சொன்ன பொறுமையெல்லாம் ஓரிடத்தில் நின்றுவிட வேண்டும். தற்கொலை எண்ணம், பிறருக்குத் தீங்கு செய்யும் நோக்கம், குழந்தைமீதான வன்முறை ஆகியவற்றின் அறிகுறி தென்பட்டால், கேள்வி கேட்டு வரவழைக்கும் முறையை நிறுத்திவிட்டு நேரடியாக அறிவுறுத்துங்கள். முதல் அமர்வுக்கு முன்பே இதற்கான ஒத்திகை முடிந்திருக்க வேண்டும். தற்கொலையைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் புதியவர்களிடம் பரவலாக உள்ளது. அது சரியன்று என்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டியிருக்கின்றன. "தற்கொலை செய்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?" என்ற கேள்வியை, சுற்றிவளைக்காமல், குரல் தழுதழுக்காமல் அவர் கேட்கும் வரை ஒத்திகையில் திரும்பத் திரும்பச் சொல்ல வையுங்கள். எண்ணம் உண்டா, திட்டம் உண்டா, அதற்கான வழி கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதா, முன்பு முயன்றதுண்டா, தடுத்து நிறுத்துபவை எவை என்று தொடர்ந்து கேட்கவும் பழக்குங்கள். அமர்வு நடந்துகொண்டிருக்கும்போதே உங்களை அழைக்க அவருக்கு அனுமதி உண்டு என்பதையும், வந்தவரைத் தனியே விடாமல் எப்படி அழைப்பது என்பதையும் முன்பே பேசி வையுங்கள்.

கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976இல் தாரசாஃப் வழக்கில் அளித்த தீர்ப்பு, ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய மூன்றாம் நபரைக் காக்கும் கடமை சிகிச்சை அளிப்பவருக்கு உண்டு என்று நிறுவியது. அந்த வழக்கில் உளவியலாளருடன் அவருடைய துறைத் தலைவரும் பிரதிவாதியாகச் சேர்க்கப்பட்டிருந்தார். ரகசியக் காப்பை எப்போது மீறலாம், எப்போது மீற வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், உங்கள் இடத்துச் சட்டத்தை நீங்கள் முதலில் படித்துவிட்டு அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆபத்து குறித்து எடுத்த ஒவ்வொரு முடிவையும், அதற்கான காரணத்தையும், உங்களைக் கலந்தாலோசித்த நேரத்தையும் அன்றே எழுதி வைக்கச் செய்யுங்கள். உங்கள் குறிப்பேட்டிலும் எழுதுங்கள்.

பத்தாம் படி: கையை மெல்ல விடுவதும், விடக்கூடாதபோது விடாமலிருப்பதும்

மாதங்கள் செல்லச் செல்ல உங்கள் பேச்சு குறைய வேண்டும். அவரே நிகழ்ச்சி நிரலுடன் வந்து, தாமே பதிவை நிறுத்தி, தாமே மூன்று விளக்கங்களைச் சொல்லி, உங்களிடம் ஒரு குறிப்பிட்ட ஐயத்தை மட்டும் கேட்கும் சந்திப்புகள் வரத் தொடங்கினால் வளர்ச்சி சரியான திசையில் போகிறது. இந்தக் கட்டத்தில் மூன்று நான்கு பேர் சேர்ந்த குழு மேற்பார்வையைத் தொடங்கலாம். ஒருவர் பதிவை முன்வைக்கும்போது மற்றவர்களில் ஒருவர் வந்தவரின் இடத்திலிருந்தும், இன்னொருவர் ஆலோசகரின் இடத்திலிருந்தும் கேட்கும்படி வேலையைப் பிரித்துக் கொடுத்தால், அறிவுரை குவிவது குறையும்.

எல்லோரும் இந்த இடத்துக்கு வந்துவிடுவதில்லை. சிலருக்குக் கூடுதல் காலம் தேவைப்படும். எழுத்தில் குறையைச் சுட்டி, சரிசெய்ய வேண்டியவற்றையும் காலக்கெடுவையும் குறித்து, கூடுதல் மேற்பார்வை கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆலோசனை நாடி வருபவருக்குத் தீங்கு நேரக்கூடிய அளவில் குறை தொடர்ந்தால், அவரைத் தேர்ச்சி பெற்றவராகக் கையெழுத்திடாதீர்கள். நல்ல மனிதர், கடினமாக உழைக்கிறார், குடும்பச் சூழல் சரியில்லை என்று மனம் இளகுவது இயல்பே. ஆனால் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் நாளை ஒருவர் தம் வாழ்க்கையின் மிகக் கடினமான நாளில் அவர் முன்னே வந்து அமரப்போகிறார். இத்தகைய முடிவைத் தனியாக எடுக்கவும் வேண்டாம். உங்கள் மேற்பார்வையைப் பற்றிப் பேச உங்களுக்கும் ஒரு மூத்தவர் இருக்க வேண்டும். அவரிடம் செல்லும்போது, புதியவரின் பதிவை மட்டும் கொண்டுபோகாமல், நீங்கள் நடத்திய மேற்பார்வையின் பத்து நிமிடப் பதிவையும் புதியவரின் ஒப்புதலுடன் கொண்டுபோங்கள்.